மழையே இல்லாமல் மாயாறு ஏறுவது எப்படி?

ஜூலை மாதம் பவானிசாகரிலிருந்து தெங்குமரஹாடா போகும் காட்டுப்பாதையில் புழுதிதான் பறக்கும். இரண்டு பக்கமும் முள்மரங்கள் இலை சுருங்கி நிற்கும். ஆனால் பாதை போய் முடிகிற இடத்தில் மாயாறு நிறைந்து ஓடிக்கொண்டிருக்கும். பஸ் இக்கரையோடு நின்றுவிடும், ஊர் அக்கரையில். பரிசல் ஏறித்தான் போக வேண்டும். சில நாள்களில் அந்தப் பரிசலும் ஓடாது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆனால் ஆறு ஏறியிருக்கும். துறையில் நிற்பவர்கள் மேற்கே மலையைப் பார்த்துவிட்டு, "மேல தொறந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கு சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. 2013-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, நினைத்த நேரத்தில் பையை மாட்டிக்கொண்டு ஆற்றோரம் நடந்துவிட முடியாது. வனத்துறை அனுமதியும் கூடவே வேட்டைத் தடுப்புக் காவலரும் வேண்டும். அப்படி அனுமதியோடு உள்ளே இருக்கும் முகாம் குடிசை ஒன்றுக்கு நடப்பவர்கள் யானையைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். என்னைக் கேட்டால் ஆற்றைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். யானை வருவதற்கு முன்னால் ஒரு கிளையாவது முறியும். ஆறு ஏறுவதற்கு உங்கள் தலைக்கு மேலே எந்த அறிகுறியும் தெரிய வேண்டியதில்லை.

காரணம் சுலபம்தான். இந்த ஆற்றின் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று நீலகிரியின் மேற்கு முகத்தில் மோதி ஏறுகிறது. ஏறும் காற்று குளிர்கிறது, மேகமாகிறது, அங்கேயே கொட்டிவிடுகிறது. நீர் துளியாகும்போது வெப்பத்தை வெளியிடுவதால், மேகத்துக்குள் ஏறும் காற்று கிலோமீட்டருக்கு ஐந்தாறு டிகிரி மட்டுமே குளிரும். கொட்டி முடித்துவிட்டுக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வரை சூடாகும். ஆக, கோடநாடு காட்சிமுனையிலிருந்து கீழே தெரிகிற அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்வது சூடான, ஈரம் பிழிந்த காற்று.

வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2019 ஆகஸ்ட்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. கோவை நகரம் ஓர் ஆண்டு முழுக்கப் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாகப் பவானிக்குப் போகும். மாயாற்றுக்கு வருவது முக்குருத்தி, பைக்காரா பக்கத்துத் தண்ணீர். இரண்டும் கடைசியில் பவானிசாகர் அணையில்தான் சேருகின்றன. கதையும் இரண்டுக்கும் ஒன்றே: மழை ஓரிடத்தில், ஆறு வேறிடத்தில்.

சரி, மலையிலும் மழை இல்லை என்றால்? அப்போதும் ஆறு ஏறும். அங்கேதான் மின்சாரம் வருகிறது.

பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். கோயம்புத்தூரில் மில்கள் பெருகியதற்கு அந்த மின்சாரம் ஒரு முக்கியக் காரணம். மலையுச்சியில் தேக்கிய நீர், குழாய்களில் 900 மீட்டருக்கும் அதிகமாக விழுந்து மின்நிலையத்தை அடைகிறது. வினாடிக்கு ஒரு கனஅடி, அதாவது சுமார் 28 லிட்டர் நீர் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் 250 கிலோவாட் திறன் அதில் இருக்கிறது. அதே ஒரு கனஅடி 30 மீட்டர் மட்டும் விழுந்தால் கிடைப்பது 8 கிலோவாட்தான். அதனால் நீலகிரி நீரின் ஒவ்வொரு கனஅடியையும் மின்வாரியம் பொத்திப் பொத்தித்தான் செலவழிக்கும். அனல்மின் நிலையத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து எழுப்ப மணிக்கணக்காகும். நீர்மின் சக்கரம் சில நிமிடங்களில் சுழன்றுவிடும். எனவே சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் போடும் நேரத்துக்கென்று தண்ணீரை வைத்திருப்பார்கள். பகலில் சூரிய மின்சாரம் பெருகிவிட்ட இந்நாளில் பொழுது சாய்ந்ததும் ஏற்படும் பள்ளத்தை நிரப்ப நீர்மின்சாரம் இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது. சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர், சிங்காரா, மாயாறு மின்நிலையங்களைத் தாண்டி ஆற்றுக்குத்தான் வந்தாக வேண்டும். திருப்பூரில் ஒரு தறிக்கூடத்தில் பொத்தானைத் தட்டுவதற்கும் காட்டுக்குள் ஆறு ஒரு சாண் ஏறுவதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு.

திறந்த தண்ணீர் எப்போது வந்து சேரும்? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இதற்கு எல்லாரும் சொல்லும் பதில் தவறு. ஆறு வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள், மணிக்கு 3.6 கிலோமீட்டர். மின்நிலையம் 40 கிலோமீட்டர் மேலே இருக்கிறது என்றால் பதினோரு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் ஏற்றம் ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பழனி தைப்பூசக் கூட்டத்தில் பின்னால் நூறு பேர் நெருக்கினால், முன்வரிசை ஆள் உடனே முன்னே தள்ளப்படுவார். நெருக்கியவர்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்கள். ஆற்றிலும் அப்படித்தான். மேலே சேர்ந்த நீர் மட்டத்தை உயர்த்துகிறது. உயர்ந்த நீர் ஆழமாக இருப்பதால் வேகமாக ஓடி, முன்னே ஏற்கெனவே கிடக்கும் தண்ணீரைத் தள்ளுகிறது. அகலமான ஆற்றுக்குக் கணக்குப் போட்டால் இந்த அலை, நீரின் வேகத்தைப்போல மூன்றில் ஐந்து பங்கு, அதாவது ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் போகிறது. மணிக்கு 6 கிலோமீட்டர். மலையிடுக்கில் ஆறு இன்னும் விரைந்து ஓடினால் நாலரை மணி நேரம்கூடப் போதும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் கிடைக்கிறது. உங்கள் காலடியில் முதலில் ஏறும் தண்ணீர் அணைத் தண்ணீர் அல்ல, பக்கத்து மடுவில் கிடந்த தண்ணீர். அது தெளிவாகவே இருக்கும். "கலங்கலாக வந்தால் வெள்ளம்" என்று நம்பிக்கொண்டு நிறத்தையே பார்த்திருப்பவர் ஏமாறுவார். மட்டம் முதலில், நிறம் அப்புறம். அதைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு. கரையோரக் கல்லிடுக்குகளில் நாள்கணக்காக உலர்ந்து கிடந்த மூங்கில் இலை, சுள்ளி, நீர்மருதின் காய் எல்லாம் திடீரென்று மிதக்கத் தொடங்கும். ஓடும் ஆற்றில் எப்போதாவது ஒரு சருகு போவது இயல்பு. நூல் பிடித்தாற்போல் சருகும் நுரையும் வரிசையாக வந்தால், எங்கோ சற்று மேலே ஆறு காய்ந்த கரையை நனைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நொடியே ஆற்றை விட்டு ஏறிவிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்த நீரின் அலை நம் கணக்குப்படி இரவு பத்தரையிலிருந்து ஒரு மணிக்குள் குடிசைக்குக் கீழே வரும். தொலைவு மாறினால் நேரமும் மாறும். பில்லூர் அணைக்குக் கீழே, மேட்டுப்பாளையத்தில் பவானிக் குளியலுக்கு இறங்குபவர்களுக்கு இதேபோன்ற அலை சில மணி நேரத்தில், பட்டப்பகலில்கூட வந்து சேர்வதால்தான் அங்கே உயிர்ச்சேதம் இவ்வளவு. ஆற்றோரம் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி நேரம். ஓரிடத்து அனுபவத்தை வைத்து இன்னோர் இடத்தில் இறங்கக் கூடாது. தூரம் போகப் போக அலை தட்டையாவதும் உண்மை; மடுக்களும் மணல் திட்டுகளும் அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் மாயாற்றின் மேல்பகுதி இருபுறமும் செங்குத்தான பாறைப் பள்ளம். அங்கே பரந்து விரிய இடமில்லாத அலை அதிகம் மெலியாமல் வரும். மழைக்காலத்தில் அணை நிரம்பி உபரி நீர் திறக்கும்போது இந்தத் தட்டையாகும் சமாதானமெல்லாம் செல்லாது.

இரவில் குடிசைக்குள் படுத்திருக்கும்போது ஆறு ஏறிவிட்டது என்றே தோன்றும். சத்தம் அவ்வளவு கூடிவிடும். பெரும்பாலும் அது காதின் மயக்கம். பொழுது இறங்கியதும் தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மலைச்சரிவுகளிலிருந்து வழிந்து வரும் குளிர்காற்றும் பள்ளத்தில் வந்து தேங்குகிறது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றில் வேகமாகப் போகும். இதனால் மேல்நோக்கிக் கிளம்பிய ஓசை வளைந்து மறுபடி கீழே வருகிறது. பகலில் இது தலைகீழ். ஓசை மேலே வளைந்து போய்விடும். வேடிக்கை என்னவென்றால், உண்மையில் ஆறு ஏறும்போது சில இடங்களில் சலசலப்பு குறையும். சத்தம் போட்டுக்கொண்டிருந்த கற்கள் தண்ணீருக்குள் மூழ்கிவிடுவதுதான் காரணம். கலகலவென்ற ஒலி போய் ஆழ்ந்த இரைச்சல் மட்டும் மிஞ்சும். அடியில் கல் உருளும் 'கடகட' கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

காதை நம்பாமல் கண்ணை நம்ப ஒரு வழி இருக்கிறது: வெளிச்சம் இருக்கும்போதே நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, நீர் தொடும் இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். பழைய வெள்ளங்களின் கீறல் ஏற்கெனவே மரங்களில் இருக்கும். கரையோர மருதக் கிளைகளில் வைக்கோலும் பாலித்தீன் துண்டும் சுள்ளியும் ஒரே உயரத்தில் சிக்கிக் கிடப்பதைப் பாருங்கள். சில இடங்களில் அது தலைக்கு மேலே இருக்கும். முகாம் குடிசையை ஏன் ஆற்றை விட்டு அவ்வளவு தள்ளி மேட்டில், சுற்றிலும் யானை அகழி வெட்டிக் கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் சுமக்க இவ்வளவு தூரம் நடக்க வைக்கிறார்கள் என்ற சலிப்பு அதோடு போய்விடும்.

"இடுப்பளவுதானே, நடந்தே கடந்துவிடலாம்" என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. அறுபது கிலோ ஆள் முழங்காலுக்குச் சற்று மேல் வரை, அரை மீட்டர் நீரில் நிற்கிறார். நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வந்தால் இரண்டு கால்களையும் சேர்த்து ஏறக்குறைய 6 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். வழுக்குப் பாறையில் கால் பிடிமானம் சுமார் 16 கிலோ வரை தாங்கும், பிரச்சினை இல்லை. வேகம் இரட்டித்தால் தள்ளுவிசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது: 24 கிலோ. ஆள் போய்விட்டார். இடுப்பளவு நீரில் இன்னும் மோசம். உயரத்தில் பாதியளவு நீருக்குள் போய்விடுவதால் மிதப்புவிசை எடையில் நாற்பது சதவீதத்தைத் தூக்கிவிடுகிறது. பாறையை அழுத்துவது 36 கிலோ, பிடிமானம் 11 கிலோ. அந்த ஆழத்தில் ஒரு மீட்டர் வேகமே 11 கிலோ தள்ளும். நிதானமாக நடக்கும் ஆளின் வேகத்தில் ஓடும் ஆறே காலை வாரிவிடும் என்பது இதன் அர்த்தம். மாயாற்றில் முதலையும் உண்டு என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பரிசல் ஏன் தாக்குப்பிடிக்கிறது? இரண்டு மீட்டர் விட்டமுள்ள தட்டையான அடி. எட்டுப் பேரும் பரிசலும் சேர்த்து 560 கிலோ என்றாலும் தண்ணீருக்குள் அமிழ்வது 18 சென்டிமீட்டர்தான். மூழ்கிய கல்லுக்கு மேலேயே வழுக்கிப் போய்விடும். வட்டமாக இருப்பதால் நீரோட்டத்துக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ள அதற்குப் பக்கவாட்டே கிடையாது, சுழலும், அவ்வளவுதான். அதன் பலவீனம் மிதப்பதில் இல்லை, இழுபடுவதில். நாற்பது மீட்டர் ஆற்றைத் துடுப்புப் போட்டுக் கடக்க ஒரு நிமிடம் என்றால், அரை மீட்டர் வேக நீர் 30 மீட்டர் கீழே இழுக்கும். பரிசல்காரர் அதற்கேற்ப மேலே தள்ளிப்போய்க் கிளம்புவார். இரண்டு மீட்டர் வேகத்தில் 120 மீட்டர் இழுக்கும்; எதிர்க்கரையில் ஒதுங்கத் துறை இருக்காது, பாறையும் முள்ளும்தான். மாயாறு ஏறியதும் பரிசலை நிறுத்துவது பயத்தால் அல்ல, இந்தக் கணக்கால்.

ஏறியது எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று அப்புறம் கேட்பார்கள். ஆழமான நீர் வேகமாக ஓடுவதால் அலையின் முன்பக்கம் செங்குத்தாகிக்கொண்டே வரும், பின்பக்கம் நீண்டு இழுபடும். அதனால் கால் மணி நேரத்தில் ஏறிய ஆறு இறங்க அரை நாள் எடுக்கும். மின்நிலையத்தை இரவு பத்து மணிக்கு நிறுத்தியிருந்தாலும் காலையில் குச்சியின் கீறல் இன்னும் நீருக்குள்ளேயே இருக்கலாம். கீறல் வெளியே வந்த பிறகும், அடுத்த ஒரு மணி நேரத்தில் மட்டம் இன்னும் கீழே இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காவலர் பையை எடுக்கச் சொல்வார். ஒரு நாள் சோற்றுக்கு அரிசியும் பருப்பும் கூடுதலாக எடுத்துப்போவது அந்தக் காத்திருப்புக்குத்தான்.