பழைய செயின் லோடரின் வயதை எங்கே பார்ப்பது?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் சிம்பாங் அம்பாட் பக்கம், பழைய கனரக வண்டிகள் விற்கும் ஒரு யார்டு. காலை ஏழரை மணி. மாமா வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் எஞ்சின் பிளாக்கில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது, நாங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். தவுக்கேயிடம், அதாவது யார்டு முதலாளியிடம், மலாயில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "வா மாப்பிள்ள, நாளைக்கு வருவோம். இது காலையிலேயே குளிச்சுப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கு" என்றார்.

மாமா ஒப்பந்தக்காரர். மண் வெட்டி லோரியில் ஏற்றும் வேலைக்குப் பழைய செயின் லோடர் ஒன்று தேடிக்கொண்டிருந்தார். புல்டோசரைப் போல் இரும்புச் செயினில் ஓடும், முன்னால் பிளேடுக்குப் பதில் பக்கெட் இருக்கும். டயர் லோடர் புதைந்துபோகும் சகதியிலும் இது நிற்கும். ஆனால் விலை பேசுவதற்கு முன் இதன் உண்மையான வயது தெரிய வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை நம்பிப் பயனில்லை, அதை மாற்ற அரை மணி நேரம் போதும். மஞ்சள் பெயிண்டை நம்புவது அதைவிட மோசம். வெல்டிங் ஓரத்து விரிசல், எண்ணெய்க் கசிவு இரண்டையும் ஒரே பூச்சில் மறைத்துவிடும்.

மறைக்க முடியாதது ஒன்று உண்டு: இடைவெளி. இரும்பும் இரும்பும் உரசும் ஒவ்வோர் இடத்திலும் மெல்லிய ஓர் இடைவெளியை விட்டுத்தான் இயந்திரத்தைச் செய்கிறார்கள். அதில் எண்ணெய்ப் படலம் நிற்கும். தேயத் தேய அந்த இடைவெளி அகலும். வண்டிக்கு வயதாவது என்றால் அவ்வளவுதான். பழைய வண்டியில் நாம் செய்யும் சோதனை எல்லாமே ஏதோ ஓர் இடைவெளியைச் சுற்றுவழியில் அளப்பதுதான்.

முதலில் செயின். வண்டியின் ஆயுள் முழுக்க ஆகும் பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதியை அண்டர்கேரேஜ், அதாவது செயினும் அதைத் தாங்கி ஓட்டும் சக்கரங்களும், விழுங்கிவிடும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. "செயின் நீண்டுவிட்டது" என்று சொல்வார்கள். இரும்பு நீளுவதில்லை. இரண்டு கண்ணிகளைக் கோர்க்கும் பின்னும், அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குழாயின் உள்பக்கமும் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகிறது. செயினை ஓட்டும் பின்பக்கப் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லில் ஒரு கட்டையைச் செருகி வண்டியை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தால் மேல் செயின் விறைப்பாகும். அப்போது நான்கு கண்ணி நீளத்தை டேப்பால் அளக்க வேண்டும். புதிதில் ஒரு கண்ணி 171 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், நான்குக்கு 684. டேப்பில் 696 வந்தால் கண்ணிக்கு 3 மி.மீ. போயிருக்கிறது. ஒரு பக்கத்தில் 38 கண்ணி என்றால் மொத்தம் 114 மி.மீ., அதாவது ஒரு சாண் நீளத்தில் பாதி. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் இனி ஒத்துப்போகாது. பல் நுனிகள் கத்திபோலக் கூராகியிருந்தால் அந்தச் சண்டை எப்போதோ தொடங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. மூட்டுக்குள்ளேயே எண்ணெய் அடைத்து சீல் வைத்த செயின்கள் 1970களிலிருந்து வந்துவிட்டன. சீல் கெடாதவரை அவற்றில் உள்பக்கம் அதிகம் தேயாது, டேப் அளவு புதிதுபோலவே காட்டும். ஆனால் புஷ்ஷின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கலாம், அதை விட்டம் அளக்கும் காலிப்பர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சீல் போன மூட்டு இருக்கிறதா என்று அறிய, வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு பின்னின் முனையிலும் வெப்பமானியைக் காட்டிப் பாருங்கள். மற்றவை கைச்சூட்டில் இருக்க ஒன்று மட்டும் கொதித்தால், உள்ளே எண்ணெய் இல்லை.

டோசரைவிட லோடரின் செயின் வேகமாகத் தேய்வதற்குக் காரணம் அதன் நடை. முன்னே போய் அள்ளும், பின்னே வந்து திரும்பும், பாதி வாழ்க்கை ரிவர்ஸில் கழியும். முன்னே போகும்போது இழுவிசை பெரும்பாலும் கீழ்ச் செயினில்தான். பின்னே போகும்போது அது மேல் செயின் முழுக்க ஏறி, முன்னாலுள்ள ஐட்லர் சக்கரத்தையும் சுற்றி வரும். பாரம் தாங்கியபடியே மடங்க வேண்டிய மூட்டுகளின் எண்ணிக்கை கூடுகிறது. ரிவர்ஸில் வேகமாக ஓட்டும் டிரைவர் கையில் இருந்த வண்டி, மீட்டர் எவ்வளவு காட்டினாலும் கிழவிதான்.

எந்த மண்ணில் உழைத்தது என்றும் கேட்க வேண்டும். பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல். பல்லாயிரம் ஆண்டு மழையில் கருங்கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறிவிடுகிறது, குவார்ட்ஸ் மட்டும் மாறாமல் மணலாக நிற்கிறது. அது கெட்டிப்படுத்திய எஃகைவிடக் கடினமானது. பாயா தெருபோங் சரிவில் வெட்டிய வண்டிக்கு ஒவ்வொரு நாளும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. பத்து காவான் பக்கத்துக் கடலோரச் சேற்றில் குவார்ட்ஸ் குறைவு, ஆனால் சேறு ஸ்ப்ராக்கெட் பற்களுக்கு நடுவே இறுகிக்கொண்டு செயினைத் தானே விறைப்பாக்கிவிடும். அதுவும் தேய்மானம்தான், வேறு வழியில்.

மறுநாள் எஞ்சின் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. நான் சந்தோஷப்பட்டேன், மாமா படவில்லை. டீசல் எஞ்சினில் பிளக் பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அமுக்கும்போது அது 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகி எரிபொருளைப் பற்றவைக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து சிலிண்டர் இடைவெளி அகன்றால் காற்று ஒழுகும், சூடு குறையும். ஜப்பானியப் பனிக்காலத்தில் அப்படிப்பட்ட எஞ்சின் முரண்டு பிடித்து மாட்டிக்கொள்ளும். இங்கே விடியற்காலையிலேயே 25 டிகிரி. பாதி செத்த எஞ்சினும் சிரித்துக்கொண்டு எழும். அதனால் ஜப்பானிலிருந்து வரும் பழைய ரீகண்டிஷன் வண்டி நம் ஊரில் சட்டென்று ஸ்டார்ட் ஆனது என்பது ஒரு சாட்சியே இல்லை.

புகையைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை இரண்டு நிமிடத்தில் தெளிந்தால் சரி, தெளியாவிட்டால் அமுக்கம் போதாமல் இருக்கலாம். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின்மேல் கவிழ்த்து வைத்தார் மாமா. மூடி லேசாக நடுங்கியது, அவ்வளவே. ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு அதிகமாக இருந்தால் மூடி துள்ளி விழுந்திருக்கும். ஆயில் மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் இன்னும் தெளிவாகத் தெரியும். சிலிக்கான் கூடியிருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டி மண் போயிருக்கிறது, சோடியம் கூடியிருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கலாம்.

பக்கெட் கைகளின் மூட்டுகளை நெம்பி ஆட்டிப் பார்க்க ஒரு கடப்பாரை போதும். பின்னில் ஒரு மி.மீ. ஆட்டம், பக்கெட் நுனிக்குப் போவதற்குள் பல மி.மீ. ஆகிவிடும், நெம்புகோல் கணக்கு.

கடைசியாக ஹைட்ராலிக், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பகுதி. இதுவும் பணத்தைத் தின்னும். 955, 977 போன்ற பழைய கேட்டர்பில்லர் வண்டிகள் கிளட்சும் பிரேக்கும் வைத்துத் திரும்பும். 1980களில் வந்த 953, 963, 973 வரிசையில் எஞ்சின் பின்னால் போனது, ஒவ்வொரு செயினுக்கும் தனித்தனிப் பம்பும் மோட்டாரும் வந்தன. பம்புக்குள் பிஸ்டன்கள் நூலிழை இடைவெளியில் ஓடுகின்றன. அந்த இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். மெல்லிய சந்து வழியே போகும் எண்ணெயின் அளவு சந்தின் அகலத்தை 2 x 2 x 2 என்பதுபோல் மூன்று முறை பெருக்கிய கணக்கில் ஏறுவதுதான் காரணம். எண்ணெய் எவ்வளவு இளகுகிறதோ அவ்வளவுக்கு அது இன்னும் கூடும். வி.ஜி. 46 என்ற தர ஹைட்ராலிக் எண்ணெயின் பாகுநிலை 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக், அதுவே 100 டிகிரியில் சுமார் 7தான். குளிர்ந்த வண்டியில் கெட்டி எண்ணெய் தேய்மானத்தை மூடிக்கொடுக்கும்.

ஆகவே எஞ்சினைக் குளிரவைத்துப் பார்க்க வேண்டும், பம்பைச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். மாமா தொடக்கத்திலேயே யார்டின் நீளத்துக்கு ஒரு கயிற்றுக்கோடு போட்டு வண்டியை நேராக விட்டார். கோட்டிலேயே போனது. பிறகு ஒன்றரை மணி நேரம் மண்ணைக் குத்தி, தூக்கி, சுற்றி, கை வைக்க முடியாத அளவுக்கு ஹைட்ராலிக் எண்ணெய் டேங்க் சூடானதும் அதே கோட்டில் மறுபடி விட்டார். பாதி தூரத்தில் வண்டி இடப்பக்கம் இழுத்து, கோட்டை விட்டு இரண்டு முழம் விலகியது.

தவுக்கே ஓடி வந்தார். ஸ்டீயரிங் லிங்கேஜ்தான், திருப்பும் கம்பிகளின் இணைப்பு, பத்து நிமிட அட்ஜஸ்ட்மென்ட் என்றார்.

"லிங்கேஜ் தப்பா இருந்தா காலையிலயும் இழுத்திருக்கும் மாப்பிள்ள" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் மலாயில் விலை பேசினார். இடது பம்ப் மாற்றும் செலவைக் கழித்துக் கேட்டார். தவுக்கே முடியாதென்று தலையை ஆட்டினார். நாங்கள் எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். போன வாரம் அந்தப் பக்கம் போனபோதும் வண்டி அங்கேயேதான் நின்றது. பக்கெட்டுக்கு மட்டும் புதிதாக இன்னொரு கோட் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.