நெஞ்சுவலியும் பெருந்தமனிக் கிழிசலும்: கட்டிலருகே ஒரு ஸ்கேன்

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு வந்திருப்பது மாரடைப்பா, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியில் கிழிசலா என்பதில் மருத்துவர் தவறிவிடக் கூடாது; மாரடைப்பில் உயிரைக் காக்கும் ரத்தக்கட்டுக் கரைப்பு மருந்தே கிழிசலில் உயிரைப் பறித்துவிடக்கூடும். போதாக்குறைக்கு, கிழிசல் சில வேளைகளில் இதயத் தமனியின் வாயையும் அடைத்துவிடுவதால், ஈ.சி.ஜி.யும் அசல் மாரடைப்பைப் போலவே காட்டும்.

பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கு கிழிந்தால், ரத்தம் நடு அடுக்கைப் பிளந்துகொண்டு பாய்ந்து, குழாய்க்குள்ளேயே ஒரு போலிக் குழாயை உண்டாக்குகிறது. 1760-ல் இறந்த பிரிட்டிஷ் அரசர் இரண்டாம் ஜார்ஜின் உடலை அறுத்துப் பார்த்தபோது, இதய உறைக்குள் உறைந்த ரத்தமும் பெருந்தமனியில் கிழிசலும் காணப்பட்டன. அன்று இறந்த பிறகு தெரிந்ததை இன்று உயிரோடிருக்கும்போதே, கட்டிலருகிலேயே செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஒலியைக் கொண்டு தேட முடிகிறது.

உடல் திசுவில் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒலி, எதிரொலியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்து கருவி ஆழத்தைக் கணிக்கிறது. ரத்தம் மிகக் குறைவாகவே எதிரொலிப்பதால் திரையில் கருமையாகவும், தமனிச் சுவர் வெண்மையாகவும் தெரியும். அந்தக் கருமைக்குள் ஒரு வெள்ளை இழை, சுவரின் அசைவோடு ஒட்டாமல் தனியே படபடத்தால், அது பிய்ந்த உள்ளடுக்காக இருக்கலாம். கருவி உண்டாக்கும் பொய்த் தோற்றமும் இப்படி ஏமாற்றும் என்பதால், வேறொரு கோணத்திலும் அது தெரிகிறதா என்று பார்த்தே நம்ப வேண்டும்.

மார்பெலும்பின் இடது ஓரத்தில் புரோபை (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கைப்பிடிக் கருவியை) வைத்தால் பெருந்தமனியின் வேர் தெரியும். அது 4 செ.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ, இதய உறையில் திரவம் தேங்கியிருந்தாலோ, ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் கலர் டாப்ளரில் வால்வு வழியே ரத்தம் பின்னோக்கி ஒழுகினாலோ சந்தேகம் வலுக்கிறது. கழுத்துக் குழியிலிருந்து தமனியின் வளைவையும், வயிற்றின் மேலிருந்து கீழ்ப்பகுதியையும் பார்க்கலாம். வயிற்றுப் பகுதியில் தமனியின் விட்டம் 3 செ.மீ.யை எட்டினாலே அது வீக்கம்.

ஆனால் நுரையீரலில் உள்ள காற்று ஒலியைத் தடுப்பதால், மார்புக்குள் இறங்கும் பகுதி பெரும்பாலும் மறைந்தே இருக்கும். ஆகவே இந்த ஸ்கேன் ‘இருக்கிறது’ என்று காட்டுவதற்குள்ள மதிப்பு, அது ஒன்றும் காட்டாமல் இருப்பதற்குக் கிடையாது. திரையில் எதுவும் தென்படாமல் சந்தேகம் மட்டும் நீடித்தால், நோயாளியை, ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பியாக வேண்டும். இழை தெளிவாகத் தெரிந்துவிட்டாலோ, ரத்தக்கட்டுக் கரைப்பு மருந்தை நிறுத்தி, அந்தச் சி.டி.க்குக் காத்திராமலே அறுவை சிகிச்சைக் குழுவை அழைத்துவிடலாம்.