மில்டோனிக் என்றால் ஆடம்பர நடையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வுக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளிடம், தமிழில் பொருள் எழுதிய டியூஷன் குறிப்பு ஒன்று கைமாறிக்கொண்டிருக்கிறது. அதில் 'மில்டோனிக்' என்பதற்கு நேரே 'ஆடம்பர நடை' என்று இருக்கிறது. இலக்கியக் கூட்டங்களிலும் இதையே பாராட்டாகச் சொல்லக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

சொல் பிறந்த கதை சின்னதுதான். ஜான் மில்டன் (1608–1674) என்ற ஆங்கிலக் கவிஞரின் பெயரிலிருந்து வந்த பெயரடை இது. மில்டனைச் சார்ந்தது என்பது ஒரு பொருள். அவருடையதைப் போல ஓங்கிய, கனத்த நடை என்பது மற்றொன்று. 'மில்டோனிக் சானெட்' (சானெட் என்பது பதினான்கு அடிக் கவிதை) என்று வந்தால் முதல் பொருள். அங்கே 'மில்டன் பாணிச் சானெட்' என்றாலே போதும். சிக்கல் இரண்டாவதில்தான்.

வடமொழியில் ஆடம்பரம் என்பதற்குப் பெருமுரசு, முழக்கம் என்றெல்லாம் பொருள் உண்டு. தமிழில் 'ஆடம்பரக் கல்யாணம்' என்று யாராவது சொன்னால் அது புகழ்ச்சியா? 'எதற்கு இந்த வீண் செலவு' என்ற முணுமுணுப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் ஆடம்பர நடை என்பது பொருளுக்கு மிஞ்சிச் சொல்லைக் கொட்டுவது. ஆங்கிலத்தில் அதற்கு 'பாம்பாஸ்டிக்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. மில்டன் 1667-இல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' மனிதனின் வீழ்ச்சியையும் வானுலகப் போரையும் பாடுகிறது. பொருள் அத்தனை பெரிதாக இருக்கும்போது, சொல்லும் அந்த உயரத்துக்கு எழும்புவதை ஆடம்பரம் என்பது பெரிய அநியாயம்.

இன்னொன்று. அந்தக் காவியத்தின் முதல் வாக்கியத்தில் 'பாடு' என்ற முதன்மை வினை ஆறாவது அடியில்தான் வருகிறது. ஆங்கிலக் காதுக்கு அது அசாதாரணம். வினையைக் கடைசியில் வைத்தே பேசும் நமக்கு அதில் என்ன புதுமை? இந்த விளைவைத் தமிழில் காட்ட வழி தெரியாத மொழிபெயர்ப்பாளர்கள் அடைமொழிகளை அடுக்குகிறார்கள். அடுக்கியது ஆடம்பரமாகிறது, பழி மில்டன்மேல் விழுகிறது.

'பெருமித நடை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது பரவாயில்லை, ஆனாலும் பொருந்தாது. தொல்காப்பியத்தில் பெருமிதம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று. கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றில் பிறப்பது. அது மனத்தின் நிலை, நடையின் இயல்பு அல்ல. 'காவிய நடை' என்பதோ நூலின் வகையைச் சொல்கிறது. மில்டோனிக் நடையில் சிறு கவிதையும் எழுதலாமே!

தேடுகிற சொல் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இருக்கிறது. 'தோல்' என்ற வனப்புக்கு, அதாவது செய்யுள் அழகு வகைக்கு, இலக்கணம் சொல்லும்போது, 'இழுமென் மொழியால் விழுமியது நுவலினும், பரந்த மொழியால் அடிநிமிர்ந்து ஒழுகினும்' என்கிறது அது. விழுமிய பொருள், பரந்த மொழி, நிமிர்ந்து செல்லும் அடி. மில்டனுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன சொல்ல? 'தோல் நடை' என்று இன்று எழுத முடியாது, படிப்பவர் விழிப்பார். சரி, 'விழுமிய நடை' என்று எழுதலாம். விழுமியம் என்பதை வாழ்க்கை நெறிகளைக் குறிக்க எடுத்துக்கொண்டுவிட்டோமே என்று ஒரு தடை வரும். போனது பெயர்ச்சொல்தான். 'விழுமிய' என்ற பெயரடை இன்னும் நம் கையில்தான் இருக்கிறது, நடையோடு சேர்ந்து வரும்போது குழப்பமும் இல்லை.