கோக்கு புள்ளி: தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிந்து, அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பம் திறக்கும் நேரத்தில்தான் பல பெற்றோர் முதல் முறையாக என் அறைக்கு வருகிறார்கள். "பிள்ளை நல்லாத்தானே படிச்சா, கோக்கு புள்ளி மட்டும் ஏன் டீச்சர் இவ்வளவு கம்மி?" என்று, புறப்பாட நடவடிக்கைகளுக்குக் கிடைக்கும் புள்ளியைப் பற்றிக் கேட்பார்கள். அந்த நேரத்தில் காரணம் சொல்லலாம், வேறொன்றும் செய்ய முடியாது. அதனால் இதை முதலாம், இரண்டாம், மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளுக்காக எழுதுகிறேன். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியை நான். எங்களிடம் வரும் தமிழ்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் இன்னும் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள், இல்லாவிட்டால் தோட்டத்தை விட்டு டவுன் ஓரத்துத் தாமான் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. பத்துதானே என்று தோன்றும். ஆனால் ஏறக்குறைய ஒரே ரிசல்ட் வைத்திருக்கிற பிள்ளைகள் ஒரே துறைக்கு முட்டி மோதும்போது ஓரிரு புள்ளியில் இடம் கைமாறிப் போய்விடும். சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு என்று மூன்று பிரிவு உண்டு. ஒவ்வொன்றிலும் வருகை, பதவி, பங்கேற்பு, சாதனை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம், அனைத்துலகம் என்று நிலை ஏற ஏறப் புள்ளியும் ஏறும். ரிப்போர்ட்டில் பி.ஏ.ஜே.எஸ்.கே. என்று வருவது இதுதான்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் அடி வருகையில் விழுகிறது. எங்கள் பள்ளியில் கோக்கு புதன்கிழமை மதியம். பள்ளி முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும், கோக்கு முடியும்போது தோட்டத்துப் பக்கம் போக வண்டி கிடையாது. அப்பா ஈப்போவில் ஷிப்ட் வேலை, அம்மா செம்பனைத் தோட்டத்தில், வீட்டில் ஒரே மோட்டார் சைக்கிள், அதையும் அண்ணன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். பிள்ளை என்ன செய்யும்? ஒரு வாரம் வராது, இரண்டு வாரம் வராது, அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு வரவே வராது. சில ஆசிரியர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே தோட்டத்திலிருந்து நாலைந்து பிள்ளைகள் வந்தால், அந்த நாலைந்து குடும்பமும் சேர்ந்து புதன்கிழமைக்கு மட்டும் ஒரு வேனைப் பேசிக்கொள்வது நடக்கக்கூடிய காரியம். அதற்கும் வழியில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், சொன்னால்தான் பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஏதாவது யோசிக்க முடியும்.

சரி, பதவிக்கு வருவோம். எல்லோருக்கும் தலைவர் பதவிமேல்தான் கண். புள்ளியும் தலைவருக்கே அதிகம், மறுக்கவில்லை. ஆனால் கூச்ச சுபாவமுள்ள ஒரு பிள்ளைக்கு நான் செயலாளர் பதவியைத்தான் சொல்லுவேன். கூட்டக் குறிப்பு எழுத வேண்டும், பள்ளி முதல்வருக்கு மலாயில் கடிதம் எழுத வேண்டும், மண்டபம் கேட்க வேண்டும், வராதவர்களைத் துரத்த வேண்டும். இரண்டு வருடம் இதைச் செய்த பிள்ளைக்கு நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு விஷயம் இருக்கும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் போகிற பிள்ளைகளிடம் "உன் கழகம் போன வருடம் என்ன செய்தது?" என்றுதான் நான் ஒத்திகையில் கேட்பேன். கோப்பு நிறையச் சான்றிதழ் வைத்திருந்த ஒரு பையன், நான்கு கழகத்தில் உறுப்பினர், இந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்கும் பொது விண்ணப்பத்தில்கூட பத்து நடவடிக்கைகளுக்குத்தான் இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து மட்டும்தான் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளில் அங்கே விண்ணப்பிப்பவர் குறைவுதான், ஆனாலும் சேர்ந்திருக்கிற கழகம் ஒவ்வொன்றுக்கும் "நான் என்ன செய்தேன்" என்று இரண்டு வரி எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. எழுத வரவில்லை என்றால் அந்தக் கழகத்தில் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

இணையத்தில் வருகிற "அனைத்துலகப் போட்டி" விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சில ரிங்கிட் கட்டினால் வீட்டிலிருந்தே கலந்துகொண்டு, இரண்டு நாளில் தங்கப் பதக்கம் என்று மின்சான்றிதழ் வந்துவிடுகிறது. எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். பணம் கட்டும் முன்னால் கோக்கு ஆசிரியரிடம் ஏற்பாட்டாளர் யார், பள்ளி இதை ஏற்றுக்கொள்ளுமா, எந்தப் பிரிவில் சேரும் என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். கேட்காமல் கட்டிவிட்டு என்னிடம் வந்து அழுத அம்மாக்கள் உண்டு.

வணிகத்தில் நம் பிள்ளைகளுக்கு இருக்கிற அனுபவம் அவர்களுக்கே தெரிவதில்லை. அம்மா காலையில் நாசி லெமாக், வடை போட்டு விற்கிறார். எத்தனை பொட்டலம் போனது, தேங்காய் விலை ஏறியதால் லாபம் எவ்வளவு குறைந்தது என்று கணக்கு வைப்பது நான்காம் படிவத்து மகள். அதே பெண் வணிகவியல் பாடத்தில் இலாபம், மொத்தச் செலவு என்று வந்தால் தடுமாறுகிறாள், வீட்டில் செய்வதுதான் இது என்று யாரும் சேர்த்துக் காட்டவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக் கூட்டுறவுச் சங்கம் சரியான இடம். மாணவர்களே பங்கு வாங்கி உறுப்பினராகலாம், ஆசிரியர்களோடு மாணவர்களும் நிர்வாக வாரியத்தில் உட்காருவார்கள், ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு, கணக்கறிக்கை உண்டு. 1971இல் தொடங்கப்பட்ட அங்காசா என்ற தேசியக் கூட்டுறவு அமைப்பின் கீழ் பள்ளிச் சங்கங்களும் வருகின்றன. பல பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, அது பேனா, புத்தகம் விற்கிற கடை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஊர்ப் பிள்ளைகளே இப்படி நினைப்பதுதான் எனக்கு ஆற்றாமை. சுங்கை சிப்புட்டில் பிறந்து ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். பால்மரம் சீவியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள், முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். பங்கு என்றால் என்ன, பொதுக்கூட்டத்தில் கை தூக்கினால் என்ன நடக்கும் என்று தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருந்தது. கேட்டுப் பாருங்கள், சில வீடுகளில் பழைய உறுப்பினர் புத்தகம்கூட அலமாரியில் இருக்கும்.

கலை, பண்பாட்டுப் பக்கம் வந்தால் வேறு சிக்கல். நம் பிள்ளைகள் செய்வது ஏராளம், தாளில் ஏறுவது கொஞ்சம். உறுமி மேளக் குழுவில் பத்துப் பன்னிரண்டு பையன்களை நேரத்துக்கு வரவைத்து, வாத்தியத்துக்குப் பணம் சேர்த்து, திருவிழாவுக்குப் பேசி முடிக்கிற பையன் பள்ளிப் பதிவில் "சாதாரண உறுப்பினர்". உறுமி என்றாலே முகம் சுளிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இரவு முழுக்கக் கல்யாண வீட்டில் அடித்துவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்குகிறவனைப் பார்த்தால் அவர்கள் கோபமும் புரிகிறது. அதற்காக அந்தத் திறமையை இல்லை என்று ஆக்கிவிட முடியாது. தமிழ்மொழிக் கழகத்தின் நிகழ்ச்சிக்கு அந்தக் குழுவை அழைத்தால் அது பள்ளி நடவடிக்கை ஆகிவிடும், அவனையும் ஏற்பாட்டுக் குழுவில் போட முடியும். மலேசிய இந்து சங்கம் வருடாவருடம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டி வட்டாரம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போகிறது. சிலம்பம், பேச்சுப் போட்டி எல்லாம் அப்படித்தான். கலந்துகொண்ட சான்றிதழை வீட்டில் மாட்டி வைக்காமல், நகலை அதே வாரம் பள்ளியில் கொடுங்கள்.

கோயில் தொண்டுக்கும் இதேதான். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டது, ஆலய இளைஞர் பிரிவில் பொருளாளராக இருந்தது, தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு எடுத்தது எல்லாம் சமூக சேவை. பதிவு பெற்ற ஆலயம் என்றால் நிர்வாகத்திடம் கடிதத்தாளில், என்ன பொறுப்பு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று எழுதி, செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நிர்வாகம் மாறிவிட்டால் பழைய ஆளைத் தேடி அலைய வேண்டிவரும். பள்ளி இதை ஏற்குமா என்பது அந்தந்தச் சூழலைப் பொறுத்தது, ஏற்காவிட்டாலும் நேர்முகத் தேர்வுக்கு அந்தக் கடிதம் கைகொடுக்கும்.

"டியூஷனா கோக்குவா?" என்று கேட்பவர்களுக்கு: புதன்கிழமை டியூஷனை வேறு நாளுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். மூன்று பிரிவிலும் ஒவ்வொன்று போதும், அவற்றில் ஒன்றில் மட்டும் ஆழமாக இறங்கினால் போதும், ஏழெட்டு வேண்டாம். ஐந்தாம் படிவத்தில் தேர்வு நெருக்கும், அதனால் பதவிகளை மூன்றாம், நான்காம் படிவத்திலேயே பிடிப்பது நல்லது.

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் பிள்ளையின் பி.ஏ.ஜே.எஸ்.கே. அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பதவி விட்டுப்போயிருக்கும், மாநில அளவில் ஓடியது மாவட்டம் என்று ஏறியிருக்கும், சில நேரம் கழகத்தின் பெயரே மாறியிருக்கும். பள்ளி விடுமுறைக்கு முன்னால் சான்றிதழ் நகலோடு கோக்கு ஆசிரியரைப் பார்த்தால் பெரும்பாலும் அன்றே திருத்திவிடுவார்கள்.