சின்னத் தோட்டா போகும் தூரம்

டெக்சாஸ் மாநிலத்தில் ரைஃபிள் பயிற்றுநராகவும் சுடுதளப் பாதுகாப்பு அலுவலராகவும் பணிபுரியும் எனக்கு, பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரிடமிருந்து, அதிலும் நம் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து, அடிக்கடி கேட்கக் கிடைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “பாயின்ட் டூ டூ தானே சார், சின்னத் தோட்டாதானே?” பாயின்ட் டூ டூ என்பது ஏறத்தாழ 0.22 அங்குல விட்டமுள்ள குண்டைக் கொண்ட தோட்டா. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தக் குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம், தோளில் உதைப்பு என்று சொல்லும்படி எதுவும் இருக்காது, 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்தத் தோட்டாவைக் கொண்டுதான் இன்றும் பெரும்பாலோர் சுடக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இதே தோட்டாவின் பெட்டிகள் பலவற்றில், ஒன்றரை மைல் தூரம் வரை ஆபத்து என்று அச்சிடப்பட்டிருக்கும் எச்சரிக்கையை வாசித்துவிட்டு வந்தவர்களை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

இந்தத் தோட்டாவைச் சுடும் ரிம்ஃபயர் ரைஃபிளை, அதாவது தோட்டாவின் அடிவிளிம்பில் ஊசி அடித்துச் சுடும் ரைஃபிளை, 50 கஜத்தில் சுடுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. அண்மைக் காலமாக அதே ரைஃபிளை 200, 300 கஜங்களுக்குக் கொண்டுசெல்லும் ஆர்வம் இங்கே வேகமாகப் பரவிவருகிறது. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பெரிய தோட்டாக்களைக் கொண்டு ஆயிரம் கஜத்தில் கற்கவேண்டிய காற்றுப் பாடத்தை, விலை குறைந்த இந்தத் தோட்டா 200 கஜத்திலேயே கற்றுத்தந்துவிடும். போட்டித் தோட்டாவின் குண்டு குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 1,070 அடி வேகத்தில் வெளியேறுகிறது. ஒலியின் வேகத்தைவிட இது சற்றுக் குறைவு. ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு வழியில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கும்போது தடுமாறக்கூடும் என்பதால், தொடக்கத்திலேயே மெதுவாகச் செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே அது வெகுவாகத் தாழ்கிறது. 50 கஜத்துக்குச் சரிசெய்த ரைஃபிளிலிருந்து புறப்படும் குண்டு 100 கஜத்தில் ஆறேழு அங்குலமும், 200 கஜத்தில் மூன்றரை அடிக்கு மேலும், 300 கஜத்தில் பன்னிரண்டு அடி அளவிலும் கீழே இறங்கிவிடும். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று 200 கஜத்தில் அதை ஓர் அடிக்கு மேல் ஒதுக்கிவிடும். இரும்புத் தகட்டில் குண்டு படும் ஓசை, விசையை இழுத்து ஒரு நொடிக்கு மேல் கழிந்த பின்னரே சுடுபவரின் காதுக்கு வந்துசேரும். அந்த ஒரு நொடி தரும் மகிழ்ச்சியை நான் நன்கு அறிவேன். அதை எவரிடமிருந்தும் பறிக்க நான் இதை எழுதவில்லை.

இந்தத் தாழ்வை ஈடுசெய்ய ரைஃபிளின் மேல் பொருத்திய ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், மேல்திருகைத் திருப்புகிறோம். குழல் வானை நோக்கிச் சிறிது உயர்கிறது. விபத்துக்கான வாய்ப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தனியார் பண்ணை ஒன்றில் தற்காலிகமாக அமைத்த தளத்தில், ஐந்தாறு பேருக்கு நான் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தேன். காலையில் பெரிய மலைச்சரிவை நோக்கி 300 கஜத்தில் சுட்டோம். மதிய உணவுக்குப் பிறகு வேறொரு பக்கத்தில், எட்டடி உயர மண்கரைக்கு முன்னால் ஐந்தடி உயரத்தில் தாள் இலக்குகளை நிறுத்தி, 100 கஜத்தில் சுடத் தொடங்கினோம். ஒரு மாணவரின் தாளில் துளையே விழவில்லை. அவர் மிகப் பொறுமையானவர். மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு மறுபடியும் சுட்டார். ஐந்தாவது குண்டுக்குப் பிறகுதான் என்னை அழைத்தார். அவருடைய ஸ்கோப்பின் திருகு காலையில் வைத்த 300 கஜ அளவிலேயே நின்றிருந்தது. அந்த அளவில் குண்டு 100 கஜத்தைக் கடக்கும்போது, குறிவைத்த புள்ளிக்கு ஏறத்தாழ மூன்றரை அடி மேலே சென்றுகொண்டிருக்கும். ஐந்தடியும் மூன்றரை அடியும் சேர்ந்தால் எட்டரை அடி. கரையின் உயரமோ எட்டடி.

கரைக்கு அப்பால் பக்கத்துப் பண்ணையின் மேய்ச்சல் நிலம் இருந்தது. எல்லோரையும் நிறுத்தி, ரைஃபிள்களைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, நிலத்தின் உரிமையாளரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். மாடுகள் அன்று வேறு பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. அவருடன் நானும் அந்த மாணவரும் நடந்து தேடினோம். காய்ந்த மண்ணில் மூன்று இடங்களில் விரல் நீளத்துக்குப் புதிய கீறல்கள் தெரிந்தன. ஒரு குண்டுகூட அங்கே கிடைக்கவில்லை. இடம் மாறியபோது ஒவ்வொருவரின் திருகையும் பார்க்கச் சொல்லாதது என் தவறு. அதை உரிமையாளரிடமும் மாணவர்களிடமும் அப்போதே ஒப்புக்கொண்டேன்.

கீறல் இருந்தும் குண்டு இல்லாமற்போனதன் பொருளை, சுடும் ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள வேண்டும். சிறுவயதில் குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்தவிட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சில்லை நேராகப் போட்டால் மூழ்கிவிடும். நீர்மட்டத்தை ஒட்டிச் சாய்வாக வீசினால் தத்தித் தத்திச் செல்லும். நெடுந்தூரத்தில் இந்தக் குண்டு தரையைத் தொடும் கோணம் ஒன்று அல்லது இரண்டு பாகை மட்டுமே. ஈயத்தாலான, முனை உருண்ட, வேகம் குறைந்த குண்டு அந்தக் கோணத்தில் காய்ந்த தரையிலோ கல்லிலோ நீர்ப்பரப்பிலோ படும்போது, புதைவதைவிட எகிறி எழவே வாய்ப்பு அதிகம். எழுந்தபின் அது எந்தத் திசையில் போகும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுட்ட இடத்திலிருந்து 200 கஜம் கடந்த பின்னும் நொடிக்கு 850 அடி அளவில் வேகம் அதில் மீந்திருக்கிறது. மனித உடலுக்குள் செல்ல அது போதும். கரையைத் தாண்டிய குண்டு மட்டும்தான் இப்படி எகிறும் என்பதில்லை. இலக்குக்கு முன்பாகத் தாழ்ந்து விழும் குண்டும் தரையில் தட்டி எழுந்து, இலக்கின் பின்னால் கட்டிய கரையைத் தாண்டிவிடும். 300 கஜத்தில் புதியவர்களின் தவறுகளில் பெரும்பங்கு இத்தகைய தாழ்ந்த குண்டுகளே என்பதால், கரையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறைவடைபவர்களை நான் ஏற்பதில்லை. இலக்குக்கு முன்னுள்ள தரை கல்லாக இருக்கிறதா, உழுத மண்ணாக இருக்கிறதா என்பதையும், கரைக்குப் பின்னால் ஒன்றரை மைலுக்குள் வீடோ சாலையோ ஆட்கள் நடமாடும் வயலோ இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். காப்பற்ற சமவெளியைவிட, உயர்ந்த மலைச்சரிவே நெடுந்தூரத்துக்கு ஏற்றது.

அந்த நாளுக்குப் பிறகு என் வகுப்பில் இரண்டு பழக்கங்களைக் கட்டாயமாக்கினேன். தூரம் மாறும் ஒவ்வொரு முறையும் திருகில் நிற்கும் எண்ணைச் சுடுபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அருகில் இருப்பவர் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். திருகு சில ஸ்கோப்புகளில் முழுச் சுற்றுக்கு மேலும் சுழலும் என்பதால், பூச்சியத்தில் நிற்பதுபோல் தோன்றினாலும் ஒரு சுற்று கூடுதலாக இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டாவது, குண்டு எங்கே பட்டது என்று தெரியவில்லையென்றால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது. “இன்னொன்று சுட்டுப் பார்க்கிறேன்” என்ற சொல்லை என் தளத்தில் நான் அனுமதிப்பதில்லை.

இந்தத் தோட்டாவுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. இதில் தீப்பற்றும் மருந்து அடிப்பகுதியின் விளிம்புக்குள் சுற்றிலும் பரப்பப்பட்டிருக்கும். ஊசி அடிக்கும் இடத்தில் அது சரியாகப் பரவாமல் இருந்தால் தோட்டா வெடிக்காது. அப்போது குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது நொடி காத்திருந்து, அதன்பின் குழலின் பின்பக்கத்தை மூடியிருக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவை நான் பார்த்திருக்கிறேன். இதைவிட ஆபத்தானது, குண்டைத் தள்ளும் வெடிமருந்து அரைகுறையாக எரிந்து குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடுவது. பெரிய ரைஃபிளில் உதைப்பு குறைவதை வைத்தே அதை உணர்ந்துவிடலாம். இதில் உதைப்பே இல்லை. ஒலியடக்கி பொருத்தியிருந்தால் ஓசையின் வேறுபாடும் சரியாகத் தெரியாது. அடுத்த குண்டு முந்தைய குண்டின் மேல் மோதும்போது குழல் உப்பிவிடும். ஓசை சற்று மந்தமாகக் கேட்டு, தகட்டிலும் ஒலி எழவில்லையென்றால், ரைஃபிளை வெறுமையாக்கி, போல்ட்டைக் கழற்றி, குழலின் பின்புறமிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு சுட வேண்டும்.

ஓசை சிறிதாக இருப்பதால் காதுக்கவசம் தேவையில்லை என்று நினைப்பதும் தவறு. திடீர் ஓசைக்குப் பாதுகாப்பான எல்லையாகக் கொள்ளப்படும் 140 டெசிபெல்லை இந்த ரைஃபிளின் ஓசை நெருங்கிவிடுகிறது. ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குண்டில் மட்டுமன்றி, பெரும்பாலான தோட்டாக்களின் தீப்பற்றும் மருந்திலும் ஈயம் இருக்கிறது. குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் சொல்லிவருகிறது. சுட்டு முடித்தவுடன் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுங்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். கருவுற்றிருக்கும் பெண்கள் சுடுதளத்துக்கு வருவதைத் தவிர்ப்பது நல்லது.

புதிதாக ஒருவர் தம் நிலத்தில் 200 கஜத் தளம் அமைக்க வேண்டும் என்று என்னை அழைக்கும்போது, நான் சுடும் இடத்தில் நின்று பார்ப்பதற்கு முன்பு, இலக்கு நிற்கப்போகும் இடத்துக்கு நடந்துசென்று, அதற்கும் பின்னால் சென்று, அங்கிருந்து அடுத்துள்ளவர்களின் வீட்டுக் கூரைகளைத் தேடுகிறேன். சென்ற மாதம் ஒருவரின் நிலத்தில், மரங்களுக்கு ஊடே, துணி உலர்த்தும் கொடி ஒன்று தெரிந்தது. அங்கே தளம் வேண்டாம் என்று சொன்னேன். அவரும் அந்தக் கொடியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நட்டுவைத்திருந்த குச்சிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.