பசிபிசம்: அமைதிவாதமா, போர்மறுப்பா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றிய பஹாய் சமயத்தவர் பற்றிப் பேச்சு வந்தால் “அவங்க பசிபிஸ்டுகள்தானே, ஆமிக்குப் போகமாட்டாங்க” என்று முடித்துவிடுகிறோம். அது பாதிதான் சரி. சிக்கல் ‘பசிபிசம்’ (pacifism) என்ற அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

அமைதி, செய்தல் என்று பொருள்படும் இரண்டு இலத்தீன் வேர்களில் பிறந்த சொல் இது. 1901இல் கிளாஸ்கோவில் கூடிய அமைதி மாநாட்டில் பிரெஞ்சுக்காரரான எமில் ஆர்னோ இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நாடுகளின் பிணக்கைச் சட்டத்தாலும் நடுத்தீர்ப்பாலும் தீர்க்கவேண்டும் என்பதே அன்றைய பொருள். முதலாம் உலகப் போரை ஒட்டித்தான் ‘எந்தப் போரிலும் சேரமாட்டேன்’ என்ற பொருளுக்கு அது சுருங்கியது.

தமிழில் ‘அமைதிவாதம்’ என்கிறார்கள். மட்டக்களப்பில் 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையைக் கண்டவர்களுக்கு அமைதி என்பது துவக்கோடு வந்த சொல். ‘சமாதானம்’ என்றால் கேற்றில் தொங்கும் ‘சமாதான நீதவான்’ பலகையும் றப்பர் முத்திரையும் நினைவுக்கு வரும். ‘அகிம்சை’ என்றாலோ, புலால் உண்ணாமை வரை பொருள் விரியும். ஆகவே சுருங்கிய பொருளுக்குப் ‘போர்மறுப்பு’ என்பதே என் தெரிவு. பழைய பொருளுக்கு ‘அமைதிவாதம்’ இருக்கட்டும்.

இனிப் பஹாய்களிடம் வருவோம். 1863இல் பாக்தாத்தின் ரிஸ்வான் தோட்டத்தில், இச்சமயத்தை நிறுவிய பஹாவுல்லா தம் மார்க்கத்தில் புனிதப்போரை நீக்கினார். கொல்வதைவிடக் கொல்லப்படுவதே மேல் என்றார். ஆனால் அரசர்களுக்கு எழுதியபோது, உங்களில் ஒருவர் இன்னொருவர்மீது ஆயுதம் தூக்கினால் எல்லோரும் சேர்ந்து அவருக்கு எதிராக எழுங்கள், அதுவே நீதி என்றார். இதற்குக் ‘கூட்டுப் பாதுகாப்பு’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. தனிமனிதர் மன்னிக்கலாம், சமுதாயம் தன்னைக் காக்கவே வேண்டும் என்பது அவருடைய மகன் அப்துல்-பஹாவின் விளக்கம். கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர்தானே படைமாட்சிக்கும் ஒன்று வைத்தார்!

அப்துல்-பஹாவுக்குப் பின் சமயத்தை வழிநடத்திய பேரன் ஷோகி எபெண்டி இதைத் தெளிவாகவே சொன்னார்: பஹாய்கள் முழுப் போர்மறுப்பாளர் அல்லர். சட்டப்படி படைக்கு அழைக்கப்பட்டால், மருத்துவப் பிரிவு போன்ற போரிடாப் பணி கேட்டு விண்ணப்பிப்பார்கள். சட்டம் அதற்கு இடம் தராவிட்டால் அரசுக்குக் கீழ்ப்படிவார்கள். போரிடும் கடமை தலையில் விழாது என்றால், தொழில் பழகுவதற்காக விரும்பிச் சேரவும் தடையில்லை.

இங்கே ‘கட்டாய ஆட்சேர்ப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் அது ஆயுதக் குழுக்கள் பிள்ளை பிடித்த காலத்தைத்தான் சொல்லும். நாட்டின் சட்டம் விதிப்பது ‘கட்டாயப் படைச்சேவை’. பஹாய்களின் கீழ்ப்படிதல் இரண்டாவதற்கு மட்டுமே. இலங்கை அரசு அப்படி ஆள் எடுப்பதில்லை, அதனால் நமக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை.

‘தற்காப்பு’ தனி விஷயம். திடீரென்று ஒருவர் தாக்குகிறார், உதவிக்குக் கூப்பிடப் பொலிஸும் இல்லை என்றால், ஒரு பஹாய் தன் உயிரைக் காத்துக்கொள்வது நியாயம்தான்.