நான்கு லேனை இரண்டாக்கிய ஊர்: கிரீன்வில் கடைவீதி மீண்ட விதம்

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீன்வில்லின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 70,000. பஞ்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர் இது. ஆலைத்தொழில் தளர்ந்தது. 1968இல் நகர மையத்திலிருந்து தள்ளி மெக்அலிஸ்டர் ஸ்கொயர் என்ற மால் திறந்தது. அதன்பின் நகர மையக் கடைவீதியான மெயின் ஸ்ட்ரீட்டின் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக இடம் மாறின. 1970களில் அந்தத் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் நடக்க ஆளில்லை. இன்று மற்ற ஊர்களின் நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் தெரு அது.

விளக்கும் பூந்தொட்டியும் வைத்து இந்த மாற்றம் வந்துவிடவில்லை. தனியார் முதலீடு தொடத் தயங்கும் வேலைகளை நகராட்சி முதலில் செய்து முடித்தது. கட்டடங்கள் அதற்குப் பிறகு வந்தன. வேலைகளின் அந்த வரிசைதான் இதில் முக்கியம்.

சாலையைக் குறுக்கினால் நெரிசல் வராதா?

1971 முதல் 1979 வரை மேயராக இருந்தவர் மேக்ஸ் ஹெல்லர். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி வந்து, கிரீன்வில்லில் சட்டைத் தொழிற்சாலை நடத்தியவர். கடைவீதி என்றால் மக்கள் உட்கார்ந்து பேசும் இடம் என்று ஐரோப்பாவில் பார்த்து வளர்ந்தவர். அவர் காலத்தில் நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரின் திட்டம் போட்டுக் கொடுத்தார். மெயின் ஸ்ட்ரீட்டின் நான்கு லேன் இரண்டாகும், நடைபாதை அகலமாகும், சாய்வுப் பார்க்கிங்கும் மரங்களும் வரும் என்பதுதான் திட்டம்.

பாதி லேன் போனால் பாதிப் போக்குவரத்துதான் போகும் என்று தோன்றும். உண்மையில் நகரச் சாலையின் கொள்ளளவைத் தீர்மானிப்பது சிக்னல். இடைவிடாமல் பச்சை எரிந்தால் ஒரு லேனில் மணிக்குச் சுமார் 1,900 கார்கள் கடக்கும். பாதி நேரம் சிவப்பு என்றால் 950. நடுத்தடுப்பு இல்லாத நான்கு லேன் சாலையில் உள் லேன் முழுதாகப் பயன்படுவதும் இல்லை. அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் எதிர் வண்டிகள் போகும்வரை உள் லேனிலேயே நிற்கிறார். பின்னால் வருபவர்களும் நிற்கிறார்கள். அதனால்தான் நாளொன்றுக்கு 20,000 வண்டிகள் வரை போகும் சாலைகளைக் குறுக்கலாம் என்கிறது அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம். ஊரைக் கடந்து மட்டும் போகிற வண்டிகளுக்கு இணையான வேறொரு சாலை இருக்க வேண்டும். கிரீன்வில்லுக்கு சர்ச் ஸ்ட்ரீட் இருந்தது. இணைச் சாலை இல்லாத ஊர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது.

சாலை குறுகும்போது வேகம் குறைவது கடைக்காரருக்கும் லாபம், நடப்பவருக்கும் உயிர்ப் பாதுகாப்பு. மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் மோதினால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு 10 சதவீதம், 51 கி.மீ.யில் 25 சதவீதம், 68 கி.மீ.யில் 50 சதவீதம்.

மீந்த அகலத்தை என்ன செய்வது என்பதில்தான் பல ஊர்கள் சறுக்குகின்றன. லேன் ஒன்று 12 அடி. இரண்டை எடுத்தால் 24 அடி கையில். கார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓரத்தில் நிறுத்த, ஒரு காருக்கு 22 அடி நீளம் வேண்டும். 9 அடி அகலக் கட்டங்களை 45 பாகை சாய்த்தால் 12.7 அடி போதும். இரு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட 300 அடி பிளாக்கில் 13 கார் நின்ற இடத்தில் 23 கார் நிற்கும். கடைக்காரர்கள் மகிழ்வார்கள். ஆனால் சாய்ந்த கார் சாலைக்குள் 19 அடி நீட்டும். நேராக நின்றால் 8 அடிதான். இரண்டு பக்கமும் சாய்வு வைத்தால் கூடுதலாக 22 அடி போய்விடும், நடைபாதைக்கு மிஞ்சுவது 2 அடி. ஆகவே ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் நேர் என்று வைத்து, பிளாக்குக்குப் பிளாக் பக்கத்தை மாற்றுவது நல்ல வழி. சாலையும் லேசாக வளையும்; ஓட்டுநர் தானே வேகத்தைக் குறைப்பார். மூக்கை உள்ளே விட்டு நிறுத்திய கார் பின்னால் வரும்போது ஓட்டுநருக்குப் பக்கத்து வண்டி மறைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. வேகமான சாலையில் சாய்வுப் பார்க்கிங் ஆபத்து.

கார்களை அறவே தடுத்தால் இன்னும் நல்லதல்லவா? அமெரிக்காவில் பல ஊர்கள் செய்து பார்த்தன. 1959இல் கலமசூ தொடங்கி வைத்தது. ஃப்ரெஸ்னோ 1964இல் தன் ஃபுல்டன் வீதியை நடப்பவர்களுக்கு மட்டும் ஆக்கி, 2017இல் மறுபடி கார்களுக்குத் திறந்துவிட்டது. கல்லூரி மாணவர்கள் நடமாடும் போல்டர், பர்லிங்டன் போன்ற ஊர்களில் அந்த ஏற்பாடு நிலைத்தது. மற்ற இடங்களில் அலுவலகம் மூடியதும் தெரு காலியானது. 80 அடி அகலத் தெருவில் இருபது பேர் நடந்தால் அது ஆளில்லாத தெருவாகத்தான் தெரியும்; அதே இருபது பேர் 15 அடி நடைபாதையில் நடந்தால் கூட்டம். மெதுவாக ஊரும் இரண்டு லேன் கார்கள் இரவிலும் தெருவில் கண்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றன.

மரம் பிழைக்க வேண்டுமென்றால்

கடைவீதி மரங்கள் சாவதற்குப் பொதுவான காரணம் தண்ணீர்க் குறைவு என்று சொல்வார்கள். பெரும்பாலும் மண் குறைவுதான் காரணம். நான்கடிக்கு நான்கடி, மூன்றடி ஆழக் குழி என்றால் 48 கன அடி மண். நடைபாதைக்கு நிழல் தரும் அளவுக்கு ஒரு மரம் வளர 1,000 கன அடி வேண்டும். குழிக்கு வெளியே இருப்பது, கான்கிரீட் வெடிக்காமலிருக்க உருளை ஓட்டி இறுக்கிய மண். அதற்குள் வேர் நுழையாது. கான்கிரீட்டின் அடிப்பரப்பில் மட்டும் கொஞ்சம் ஈரமும் காற்றும் தங்கும் என்பதால் வேர் அங்கேயே படர்கிறது, பருக்கிறது, பலகையைத் தூக்குகிறது. நடப்பவர் இடறி விழுகிறார், நகராட்சி மரத்தை வெட்டுகிறது.

இதற்குத் தீர்வு நடைபாதைக்கு அடியில் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான கலவையில் எடைக்கணக்கில் 80 பங்கு உடைத்த ஜல்லி, 20 பங்கு களிமண் கலந்த மண். ஜல்லியும் ஜல்லியும் முட்டிப் பாரத்தைத் தாங்கும்; இடைவெளியில் மண்ணும் வேரும் இருக்கும். அதில் மண் குறைவு என்பதால் மொத்தக் கன அளவைக் கூட்ட வேண்டும். வசதியுள்ள ஊர்கள் பாரம் தாங்கும் பிளாஸ்டிக் சட்டங்களை அடுக்கி, உள்ளே நல்ல மண்ணை நிரப்பி, மேலே நடைபாதை போடுகின்றன. தனித்தனிக் குழிகளுக்குப் பதில் ஒரே நீள அகழியாக வெட்டினால் மரங்கள் மண்ணைப் பகிர்ந்துகொள்ளும். இதெல்லாம் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கும்போதே நடக்க வேண்டும். பிறகு தோண்டினால் செலவு கட்டுப்படியாகாது.

இரு முனையிலும் ஓர் ஈர்ப்பு

தெரு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, நடந்து போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். மெயின் ஸ்ட்ரீட்டின் வடபகுதியில் 1982இல் ஹயாட் ஹோட்டல் வந்தது. தனியார் ஹோட்டல் மட்டும் அங்கே வந்திருக்காது. மாநாட்டு மண்டபம், பார்க்கிங், பொது முற்றம் ஆகியவற்றின் சுமையை நகராட்சி ஏற்றது. 1990இல் ஆற்றங்கரையில் பீஸ் சென்டர் கலையரங்கம், 2004இல் அருவிப் பூங்கா, 2006இல் தென்கோடியில் ஃப்ளூர் ஃபீல்ட் பேஸ்பால் மைதானம். இந்தச் சங்கிலியின் நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஓர் ஈர்ப்பிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பவர் வழியில் இருக்கும் கடைகளைப் பார்த்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் கட்டி, அடியில் பார்க்கிங் வைத்திருந்தால் அந்த நடை இல்லை, கடைகளும் இல்லை.

அருவிப் பூங்காவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ரீடி ஆற்றின் அருவி ஊர் நடுவே விழுகிறது. 1960இல் அதன் தலைக்கு மேலேயே கேம்பர்டவுன் என்ற நான்கு லேன் பாலத்தைக் கட்டினார்கள், அருவி மறைந்துபோனது. ஃபர்மன் பல்கலைக்கழகத்திடமிருந்து நிலம் பெற்று, ஒரு தோட்டக் கழகத்துப் பெண்கள் 1967 முதல் அந்தக் கரையைச் சுத்தம் செய்து காத்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாலத்தை இடிப்பதா என்று ஊர் நீண்டகாலம் சண்டை போட்டது. 2002இல் இடித்தார்கள். 2004இல் மிகேல் ரொசாலெஸ் வடிவமைத்த லிபர்ட்டி நடைபாலம் வந்தது. நீளம் 355 அடி, அகலம் 12 அடி, கான்கிரீட் தளத்தின் கனம் 8 அங்குலம்.

அருவியைப் பார்க்கும் பக்கத்தில் கம்பியோ தூணோ மறைக்கக் கூடாது என்பதால் தளத்தை மறுபக்கத்தில் மட்டும் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு தாம்பாளத்தை ஒரு விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்கினால் மறுவிளிம்பு சரியும் அல்லவா? நேரான தளமாக இருந்தால் இங்கும் அதுதான் நடக்கும். தளம் வளைந்திருப்பதுதான் காப்பாற்றுகிறது. வளைந்த தளத்தின் மேல்மட்டத்திலும், அடியில் ஓடும் வளையக் கம்பியிலும் எதிரெதிரான விசைகள் பிறக்கின்றன. ஒன்று அழுத்தம், மற்றது இழுப்பு. வளைவின் காரணமாக இவை பக்கவாட்டில், எதிர்த் திசைகளில் தள்ளுகின்றன. இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் தளம் சரிய முயலும் முறுக்கை நேர்செய்கின்றன. ஜெர்மனியில் கெல்ஹைம் ஊரில் இதற்கு முன்பே இவ்வகைப் பாலம் உண்டு. லிபர்ட்டி பாலத்தின் இரண்டு தூண்களும் 90 அடி உயரம், சாய்ந்து நிற்கின்றன.

பணம் எங்கிருந்து?

பூங்காவுக்கும் பாலத்துக்கும் உணவகச் சாப்பாட்டின் மீது விதிக்கும் விருந்தோம்பல் வரி கைகொடுத்தது. இது நல்ல பொருத்தம்: கூட்டம் கூடினால் உணவகம் பெருகும், வரியும் பெருகும்.

இன்னொரு கருவி, இனி உயரப்போகும் சொத்து வரியை நம்பி முன்கூட்டியே கடன் வாங்குவது. ஒரு கணக்கு: குறிப்பிட்ட வட்டாரத்தின் சொத்து மதிப்பு 1 கோடி டாலர். அதை அடிமதிப்பாக நிறுத்திவிடுகிறார்கள். அதற்குரிய வரி வழக்கம்போல் நகராட்சிக்கும் பள்ளிகளுக்கும் போகும். சாலையும் பார்க்கிங்கும் வந்து மதிப்பு இரண்டரைக் கோடியானால், கூடிய ஒன்றரைக் கோடியின் வரி முழுதும் அந்த வட்டாரத்துக் கடனை அடைக்கப் போகும். பிரச்சினைகள் இரண்டு. மந்தம் வந்து கட்டடங்கள் எழாவிட்டால் கூடுதல் வரி வராது, கடன் தவணை மட்டும் பாக்கி நிற்கும். திட்டமே இல்லாமல் இயல்பாக உயர்ந்திருக்கும் மதிப்பையும் இது விழுங்கிவிடும், நட்டம் பள்ளிகளுக்கு.

நகர மையத்தில் போடும் பணம் வீணா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாநிலமான வட கரோலினாவின் ஆஷ்வில் ஊர்க் கணக்கு நல்ல பதில். அங்கே 34 ஏக்கரில் இருந்த வால்மார்ட் தந்த சொத்து வரி ஏக்கருக்குச் சுமார் 6,500 டாலர். 0.19 ஏக்கரில் நின்ற, காலியாகக் கிடந்து பிறகு புதுப்பிக்கப்பட்ட ஒரு பழைய கடைக் கட்டடம் ஏக்கர் கணக்கில் தந்தது 6,34,000 டாலர். சாலை, குழாய், சாக்கடை எல்லாம் நிலத்தின் நீள அகலத்தைப் பொறுத்தவை. ஆகவே வருமானத்தையும் ஏக்கர் கணக்கில்தான் அளக்க வேண்டும்.

பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பவருக்கு, அது தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் இடம்பெற்று, வருமானம் தருவதாகவும் இருந்தால், செலவில் 20 சதவீதம் மத்திய வரிக் கழிவு உண்டு. கீழ்த்தளத்தில் கடை வந்துவிடும். மேல்மாடிகள் காலியாகவே கிடக்கும். வீடாக்க இரண்டாவது படிக்கட்டு, லிஃப்ட், தீ அணைக்கும் ஸ்பிரிங்க்ளர் தேவைப்படலாம். 25 அடி அகலக் கட்டடத்தில் இவற்றுக்கே கால்வாசி இடம் போய்விடும். பக்கத்துக் கட்டடக்காரரோடு சேர்ந்து பொதுச்சுவரில் தீக்கதவு வைத்து, ஒரே படியையும் லிஃப்டையும் பகிர்ந்தால்தான் கணக்கு நேராகும். சுவர் வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு, பழைய செங்கல் இணைப்புகளில் சிமெண்ட் பூசுவது. பழைய செங்கல் மென்மையானது. ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறும்படி கட்டப்பட்டது. இணைப்பைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறும், குளிர்காலத்தில் உறையும், செங்கல் முகம் பொரிந்து உதிரும். மணல் வீசிச் சுத்தம் செய்தால் செங்கல்லின் கெட்டியான மேல்தோல் போவதோடு, வரிக் கழிவும் கிடைக்காமல் போகலாம்.

பார்க்கிங் கட்டடம் வாடகையால் மட்டும் தன் செலவை மீட்பது கடினம். ஒரு கார் இடத்துக்கே 25,000 டாலருக்கு மேல் ஆகும். அதனால் அதை நகராட்சி கட்டி, கடைகளும் அலுவலகங்களும் வீடுகளும் வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்த விடுவது சிக்கனம். தெருவோரக் கட்டணத்தை, எப்போதும் ஏழில் ஓர் இடமாவது காலியாக இருக்கும் அளவில் வைக்க வேண்டும்.

யார் வெளியேறினார்கள்?

கிரீன்வில்லின் வெற்றிக்கு ஒரு விலை உண்டு. 2000இல் ஊரில் சுமார் மூன்றில் ஒரு பங்காக இருந்த கறுப்பின மக்கள், 2020இல் நாலில் ஒரு பங்குக்கும் கீழே. மையத்தை ஒட்டிய பழைய குடியிருப்புகளில் வாடகையும் சொத்து வரியும் ஏறின. 2022இல் மேற்கே யூனிட்டி பார்க் திறந்தபோது நகராட்சி இதை மனதில் வைத்திருந்தது. 60 ஏக்கர்ப் பூங்கா அது. நிறப்பாகுபாட்டுக் காலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று இருந்த மேபெரி பார்க் அந்த இடத்தில்தான் இருந்தது; அதன் ஒரு பகுதியைப் பிறகு வெள்ளையர் பேஸ்பால் மைதானத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். புதிய பூங்காவை ஒட்டித் தனக்கிருந்த நிலத்தில் ஒரு பகுதியைக் குறைந்த வாடகை வீடுகளுக்கு நகராட்சி ஒதுக்கியது.

அந்த ஒதுக்கீடு சரியான செயல். ஆனால் மெயின் ஸ்ட்ரீட் வேலை தொடங்கிய 1970களிலேயே நடந்திருந்தால் பல மடங்கு நிலம் கிடைத்திருக்கும். கடைவீதித் திட்டம் அறிவித்த அன்றே சுற்றுவட்டார நில விலை ஏறத் தொடங்கும். ஆகவே வேறு ஊர்கள் திட்டத்தை அறிவிக்கும் முன்பே மூன்று காரியம் செய்ய வேண்டும்: காலி மனைகளை நகராட்சி பெயரில் வாங்கிவைப்பது, நிலம் ஓர் அறக்கட்டளையிடமும் வீடு குடியிருப்பவரிடமும் இருக்கும்படி பத்திரம் எழுதுவது, சொந்த வீட்டில் வாழும் முதியவர்களின் வரி உயர்வுக்கு உச்சவரம்பு வைப்பது. இவற்றுக்கான தொகை சாலை வேலையின் மதிப்பீட்டிலேயே ஒரு செலவினமாக இடம்பெற வேண்டும்.